ஐந்து வருஷக் கணக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் சார் வெளிய எடுப்பேன்." டயரைப் பார்த்தால் அந்த வீட்டில் வாரத்துக்கு ஐந்து ஞாயிறாவது வந்து போயிருக்கும். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. முன்பெல்லாம் மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டுத்தான் குனிவேன். இப்போது பதில்கூடச் சொல்லாமல் குனிந்து வண்டியின் அடியைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

என் தொழில் அதுதான். பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள் என்னைக் கூட்டிப் போவார்கள். நான் தட்டிப் பார்த்து, படுத்துப் பார்த்து, ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வேன். இருபத்தாறு வருஷமாக இதில்தான் சோறு. எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வண்டியின் விலையைக் கேட்க மாட்டேன். ஒரு தாளில் ஐந்து கோடு போட்டு, வருஷத்துக்கு ஒரு கோடாக, அந்த வண்டி என்னென்ன கேட்கும் என்று எழுதுவேன். முதல் வருஷம் பிரேக், இரண்டாம் வருஷம் கிளட்ச், மூன்றாம் வருஷம் பெல்ட் என்று போகும். ஸ்போர்ட்ஸ் காரை அடிமாட்டு விலைக்குக்கூட வாங்கிவிடலாம். அதற்குப் பிறகு அது கேட்பதைக் கொடுத்து மாளாது. புரோக்கர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரே 'அஞ்சு வருஷம்'. நான் தெருமுனையில் வந்தாலே கமிஷனை மறந்துவிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

இந்த வருஷத் தொடக்கத்தில் என் அண்ணன் எனக்கு போன் செய்தார்.

அண்ணன் முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். டிப்போவில் கண் பரிசோதனை செய்தபோது, பார்வை இரண்டு பக்கமும் குறுகிக்கொண்டே வருகிறது என்று கண்டுபிடித்து, பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். நேரே இருப்பது நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் இருப்பதுதான் மெல்ல மெல்ல அழிகிறது. இதற்கு மருந்து கிடையாது. சொந்த வண்டி இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஓட்டலாம், ஆறு மாசத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள், அதன் பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதன் பிறகு என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் போனபோது அண்ணன் சமையலறை மேஜையில் செல்போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு கார் படங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொரு வருஷம் அறுபது பேரைச் சுமந்துகிட்டு ஓட்டியாச்சு. நிறுத்து, ஏத்து, இறக்கு. பின்னாடியிருந்து ஒருத்தன் திட்டுவான், முன்னாடி ஒருத்தன் குறுக்க வருவான். ஒரே ஒரு தடவை ரெண்டே சீட்டு உள்ள வண்டியில தரையோட தரையா உக்காந்து, நான் மட்டும் போகணும்டா. எங்கயும் நிறுத்தாம."

"உன் தொப்பை உள்ள போகுமா அண்ணே?"

"தொப்பைக்கு ஒரு சீட்டு, எனக்கு ஒரு சீட்டு" என்று சிரித்தார். "நீ பாத்துச் சொல்லு. நீ வேணாம்னா வேணாம்."

அண்ணி வாசல்வரை என்னுடன் வந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர், அளந்துதான் பேசுவார். "தம்பி, அவர் ஆசைப்படறதை வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா டிப்போல குடுத்த பணம் இது ஒண்ணுதான். கண்ணு போனப்புறம் ரெண்டு பேரும் இதை வெச்சுத்தான் காலத்த ஓட்டணும். வண்டி வாங்கட்டும், நான் தடுக்கல. வாங்கின வண்டி எங்களைத் தின்னக்கூடாது. அது உங்க பொறுப்பு."

பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். "என்னை மீறி எதுவும் நடக்காது அண்ணி" என்றேன்.

முதல் வண்டி சிவப்பு. ஒரு பல் டாக்டருடையது. அவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்துவிட்டது, இரண்டு சீட்டு வண்டியில் யாரை விட்டுவிட்டுப் போவது என்று தெரியாமல் விற்கிறார். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர். அண்ணன் சீட்டில் இறங்கினார். ஆமாம், அதில் ஏற முடியாது, இறங்கத்தான் வேண்டும். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தார். சாவியைத் திருப்பி அந்தச் சத்தம் வந்ததும், வாய் ஓயாத என் அண்ணன் பேச்சையே நிறுத்திவிட்டார். தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்தோம். திருப்பத்தில் வண்டியை வளைத்த விதம், ஒரு பஸ் டிரைவர் வளைத்த விதமாகவே இல்லை. முகம் சிவந்து, இருபது வயசு குறைந்து உட்கார்ந்திருந்தார்.

நான் தாளை எடுத்தேன். கிளட்ச் தேய்ந்திருந்தது, பெடல் முழுசாக மேலே வந்த பிறகுதான் பிடித்தது. அதிகம் போனால் ஒரு வருஷம் தாங்கும். மூன்றாம் வருஷம் பெல்ட் மாற்ற வேண்டும், அந்த மாடலில் அதற்கு இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். ஐந்தாம் கோட்டுக்கு வரும்போது பல் டாக்டர் தானாகவே சொன்ன விலையைச் செலவு தாண்டிவிட்டது.

"வேணாம் அண்ணே."

அண்ணன் சாவியை டாக்டரிடம் நீட்டினார். கதவைப் பிடித்து, முனகிக்கொண்டு வெளியே வந்தார். வீட்டுக்குப் போகும் வழியில், "சத்தம் நல்லா இருந்துச்சு இல்ல?" என்று மட்டும் சொன்னார். சத்தத்துக்கெல்லாம் நான் கோடு போடுவதில்லை என்று சொல்லி, அந்த நகைச்சுவையை நானே மெச்சிக்கொண்டேன்.

அதன் பிறகு ஏதாவது வண்டி விலைக்கு வந்த விடுமுறை நாளெல்லாம் இதே வேலை. ஒருவர் நாங்கள் போவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடு பண்ணி வைத்திருந்தார். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பினால்தான் உள்ளே இருக்கிற நோய் கேட்கும். பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன், இட்லிப் பானை தோற்றது. காதில் பூச் சுற்றப் பார்க்கிறான் என்று திரும்பிவிட்டோம். அடுத்ததற்குக் கூரையை மடக்கலாம், ஆனால் காலடி விரிப்பைத் தூக்கினால் நீர் கோத்து நாறியது. இன்னொன்றின் இன்ஜின் தங்கம், ஆனால் ஒரு சின்ன ரப்பர் வளையம் வேண்டுமென்றாலும் கப்பலில்தான் வர வேண்டும். ஐந்தாவதாக ஒன்று பார்த்தோம். வேறு யாராவது கூப்பிட்டுப் போயிருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். நாலாம் வருஷம் டர்போ பழுதாகிக் கையைச் சுடலாம் என்று பட்டது. அண்ணனுக்கு 'லாம்' எல்லாம் கூடாது, கெட்டியான வண்டிதான் வேண்டும் என்று அதையும் தள்ளினேன்.

இதற்குள் நாலரை மாசம் போயிருந்தது. இடையில் அண்ணன் என் வேனில் ஏறும்போது தோளைக் கதவில் இடித்துக்கொண்டதைப் பார்த்தேன். ஒருநாள் பக்கத்தில் நின்ற என்னைத் தேடி, "எங்கடா போன?" என்று கூப்பிட்டதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்துவிட்டேன். வண்டிக்கு எங்கே ஒழுகுகிறது என்று தேடுகிற மும்முரம் எனக்கு.

ஆறாவது வண்டி நீலம். ஓய்வு பெற்ற ஆடிட்டர் ஒருவருடையது. அவர் ஞாயிறு பொய்யைச் சொல்லவில்லை. தடித்த ரசீதுக் கோப்பு ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எல்லா ரசீதும் தேதிவாரியாக இருந்தது. கிளட்ச் போன வருஷம் மாற்றியிருந்தார். பெல்ட் இல்லை, மாற்ற வேண்டாத செயின்தான். பிரேக் புதுசு. இன்ஜின் பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்து கிடந்தது. கிளப்பினால் முதல் நொடியிலேயே சீராக ஓடியது. முக்கால் மணி நேரம் குடைந்தேன். என் தாளில் ஐந்து கோடும் காலியாகக் கிடந்தது, ஆயிலையும் டயரையும் தவிர எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வண்டியை நான் பார்த்ததில்லை.

"அண்ணே, இதுதான்" என்றேன்.

அண்ணன் சீட்டில் இறங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீடுகள் உள்ள அகலமான தெரு, விடுமுறை நாள் காலை, கூட்டமே இல்லை. முதல் கியர், இரண்டாவது கியர். அவர் உதட்டில் சிரிப்பு வந்தது. தெருக்கோடியில் இடது பக்கம் திரும்பினார். திரும்பும் இடத்தில் ஒருத்தி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். வெயிலில், மஞ்சள் சட்டையில், நடுரோட்டில் இருந்தாள். நான் அவளைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். அண்ணனும் பார்த்திருப்பார் என்று இருந்தேன். முப்பத்தொரு வருஷ டிரைவர் அல்லவா? வண்டி வேகம் குறையவே இல்லை.

கை பிரேக்கைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தேன். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. குழந்தை வண்டிக்கும் பானெட்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அந்தப் பெண் கத்தவும் இல்லை. எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"எங்கேருந்து வந்தா?" என்றார் அண்ணன்.

"அங்கயேதான் இருந்தா அண்ணே."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"போன மாசம் கூட இவ்வளவு இல்லடா" என்றார். "காலைல பல் தேய்க்கறப்ப பக்கத்துல உன் அண்ணி நிக்கறது தெரியல. தூக்கக் கலக்கம்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டேன்."

நான் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"அந்த சிவப்பு வண்டி. அது கிளட்ச் எத்தன நாள் தாங்கியிருக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். வண்டி விஷயத்தில் எனக்குப் பொய் வராது. "ஒரு வருஷம்" என்றேன்.

"ம்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவரிடம் இருந்தது நாலரை மாசம். நான் அவருக்கு ஐந்து வருஷத்துக்கு வண்டி தேடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தக் கிளட்ச் தேய்ந்த வண்டியை வாங்கியிருந்தால், எண்பது நூறு தடவையாவது எங்கும் நிறுத்தாமல் போய்வந்திருப்பார். பிறகு அதைப் பாதி விலைக்கு விற்றிருந்தால்கூட ஒன்றும் குடி முழுகியிருக்காது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை? வண்டிக்கு எவ்வளவு ஆயுசு என்று பார்க்கத் தெரிந்தவன், ஓட்டுகிறவரை ஒருதடவையாவது நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டாமா?

"வாங்கிடு அண்ணே" என்றேன். "நான் ஓட்டறேன். வாராவாரம் உன்னைப் பக்கத்துல உக்கார வெச்சு எங்க வேணாலும் கூட்டிட்டுப் போறேன்."

"பயணியா போறதுக்கு பஸ் போதும்டா. எனக்கு இலவச பாஸ் வேற இருக்கு."

இருவரும் இடம் மாறி உட்கார்ந்தோம். மாறும்போது அவர் கை தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடித்தது. நான்தான் வண்டியை ஆடிட்டர் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வண்டி அவ்வளவு அருமையாக ஓடியது. அது எனக்கு அருவருப்பாக இருந்தது.

வேனில் வரும்போது அண்ணன், "அண்ணிகிட்ட இன்னிக்கு ஒண்ணும் சொல்லாத. அடுத்த மாசம் டாக்டர்கிட்ட போறோம். அவர் வாயாலயே கேட்டுக்கட்டும்" என்றார். சரி என்றேன்.

வீட்டில் அண்ணி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன, இதாவது தேறுச்சா?"

"எங்க?" என்றார் அண்ணன், நாற்காலியைக் காலால் துழாவி உட்கார்ந்தபடி. "கியர்பாக்ஸ்ல சத்தம். மூணாவது கியர் போட்டா அரைக்குது. இதெல்லாம் சரிப்படாது, விட்டுடலாம்னு இருக்கேன். ஆசைப்பட்டு அலைஞ்சதே போதும்."

அண்ணி என்னைப் பார்த்தார். "அப்படியா தம்பி?"

அந்த ஆடிட்டர் கோப்பில் அடுக்கி வைத்திருந்த ரசீதுகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. "ஆமா அண்ணி" என்றேன். "கியர்பாக்ஸ் போயிடுச்சு. தேறாது."

அண்ணி துணியை வைத்துவிட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார். நாலரை மாசமாக அவர் நெஞ்சில் இருந்தது இறங்குவதை முகத்திலேயே பார்க்க முடிந்தது. கண்கூடக் கலங்கியது.

"உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல தம்பி. நீங்க மட்டும் கூடப் போகலேன்னா, இவர் முதல் வாரமே வாங்கிட்டு வந்திருப்பார்."

"ஆமா" என்றார் அண்ணன், என் பக்கம் திரும்பாமல். "வாங்கியிருப்பேன்."