ஏழுக்கு ஏழு

என் அண்ணனை வேலையிடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக்செட் என்றால்தான் தெரியும். லிஃப்ட் மெக்கானிக். தரைக்குக் கீழே இருக்கும் குழியில் நின்றுகொண்டு, பதினோராவது மாடிக்கு மேலே மோட்டார் அறையில் இருக்கும் கூட்டாளிக்குக் கேட்கும்படி "இறக்கு! நிறுத்து!" என்று கத்துவான். கம்பெனி கொடுத்த வாக்கி டாக்கி கருவிப் பையில் தூங்கும். "எனக்கு எதுக்கு அந்த டப்பா?" என்பான்.

அந்தத் தொண்டையில் பாதி வேலைக்கு, மீதி கூடைப்பந்துக்கு. எங்கள் ஊர் அணி பதினெட்டு வருடமாகக் கடைசி நான்கு இடங்களிலேயே கிடந்தது. ஆனாலும் ஒவ்வொரு சீசன் தொடங்கும்போதும் அண்ணன் எனக்கு முன்னால் வந்து நின்று, "அடுத்தவங்க வருஷமெல்லாம் போச்சு. இது நம்ம வருஷம்" என்பான்.

"போன வருஷமும் இதையேதான் சொன்ன" என்பேன் நான்.

அதை நான் சொன்னால்தான் அவனுக்கு சீசன் தொடங்கியதாக அர்த்தம். ஒருமுறை நான் துணி தேய்க்கும் மும்முரத்தில் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆகி முடிந்துவிட்டது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். சண்டை போடவும் வேறு ஆள் கிடையாது.

இந்த வருடம் முதல் ஆட்டத்திலேயே இருபத்திரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அரங்கத்தில் எனக்குப் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினான். மறுநாள் குரல் கட்டியிருந்தது. உப்பு போட்ட வெந்நீர் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் ஜெயித்தார்கள். அதற்கடுத்ததும். குரல் தேறுவதற்குள் இன்னொரு வெற்றி வந்து அதைக் கெடுத்துவிடும். அண்ணன் அந்தக் கரகரப்பைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தான். "இது ஜெயிச்ச தொண்டை. எல்லாருக்கும் அமையாது" என்று பால்காரரிடம்கூடப் பீற்றிக்கொண்டான். பேப்பரில் வந்த புள்ளிப் பட்டியலை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டினான். ஏழு ஆட்டம், ஏழு வெற்றி. நாங்கள் முதலிடம்.

ஏழாவது வெற்றிக்கு அப்புறம் மோட்டார் அறைக் கூட்டாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். பேச்சு கம்மியான மனிதர். தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார்.

"மைக்செட்டு இப்பல்லாம் டப்பாவுலதான் பேசுறாரும்மா. அதுலயும் சரியா கேக்கல. ஒரு டாக்டர்கிட்ட காட்டினா என்ன?"

நான்தான் வாயைக் கொடுத்தேன். "வாராவாரம் கத்தினா தொண்டை கட்டாம என்ன செய்யும்? ஒரு ஆட்டம் தோக்கட்டும், தானா சரியாயிடும்."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். சத்தமே இல்லாத சிரிப்பு. "அப்படின்னா இந்த வருஷம் பூரா சரியாகாது!" என்றான். கூட்டாளியும் சிரித்துவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

எட்டாவது ஆட்டத்தில் தோற்றார்கள். நெட்டையன் என்று நாங்கள் கூப்பிடும் உயரமான ஆட்டக்காரனுக்கு முழங்கால் பிசகிவிட்டது. அவன் இல்லாமல் அந்த அணியில் ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒன்பதாவதிலும் மண்ணைக் கவ்வினார்கள். அண்ணன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தான். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிகூட. தொண்டைக்கு ஓய்வு கிடைக்கிறதே!

வரிசையாக ஆறாவது தோல்வி. மாலையில் வீட்டுக்கு வந்து படியேறும்போது அண்ணன் திரும்பி என்னிடம் ஏதோ கேட்டான். காற்றுதான் வந்தது. மறுபடி கேட்டான். சாவியைக் கேட்கிறான் என்பதைக் கையசைப்பில்தான் புரிந்துகொண்டேன்.

ஆறு வாரமாக இவன் கத்தவே இல்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மா மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் திரையில் பார்த்தார். "எவ்வளவு நாளா இப்படி?"

"சீசன் ஆரம்பிச்சதுல இருந்து" என்றேன்.

"எந்த சீசன்?"

பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணன் விரல் விட்டு எண்ணி, மூன்று மாதத்துக்கு மேல் என்று காட்டினான்.

"மூணு வாரத்துக்கு மேல குரல் கட்டியிருந்தாலே வந்திருக்கணும்மா. அப்பவே வந்திருந்தா கதிர்வீச்சு கொடுத்தே குரலைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம். இப்ப குரல்வளையையே எடுக்கணும்."

ஒரு ஆட்டம் தோற்றால் தானாகச் சரியாகும் என்று நான் சொன்ன வார்த்தையை அண்ணன் ஒருமுறைகூட எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் தேவலை. நானாகப் பேச்சை ஆரம்பித்தபோதும், துணியெல்லாம் தேய்த்தாயிற்றா என்று சைகையில் கேட்டுப் பேச்சை மாற்றினான்.

ஆபரேஷன் முடிந்து கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள். மூச்செல்லாம் அதன் வழியாகத்தான். பேச ஒரு சின்னப் பலகையும் பேனாவும் கொடுத்தார்கள். பத்தாம் நாள் காலையில் டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். புற்றுநோய் கழுத்து நெறிக்கட்டிகளிலும் பரவியிருக்கிறது, நுரையீரலிலும் புள்ளிகள் தெரிகின்றன என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். "கோடை தாண்டுறது கஷ்டம்மா. அவர்கிட்ட நான் நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

அன்று சனிக்கிழமை. சீசனின் கடைசி ஆட்டம். சாயங்காலம் நான் உள்ளே போனதும் அண்ணன் பலகையைத் தூக்கிக் காட்டினான். ஸ்கோர்?

"தோத்துட்டாங்க. பதினாறு புள்ளி" என்றேன்.

துடைத்துவிட்டு எழுதினான். ஆரம்பம் நல்லா இருந்துச்சுல்ல?

"ஏழுக்கு ஏழுண்ணா. யாரு செஞ்சா அப்படி?"

அவன் முகம் மலர்ந்தது. மறுபடி துடைத்தான். நெட்டையனுக்கு முழங்கால் சரியாகிவிடும் என்று எழுதினான். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், அடுத்த வருஷம் நம்ம வருஷம்.

எழுதிவிட்டு, கண்ணில் பழைய குறும்போடு என் வாயைப் பார்த்துக் காத்திருந்தான்.

நான் சொல்லவேண்டியது ஒரே ஒரு வரி. பதினெட்டு வருடமாகச் சொன்ன வரி. அதைச் சொல்லாவிட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். "போன" என்பதோடு வரி நின்றுவிட்டது. மறுபடி முயன்றேன்.

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு மெல்ல மெல்லப் போயிற்று. கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு பலகையைத் துடைத்து, பேனாவுக்கு மூடி போட்டு, இரண்டையும் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான்.