ஐந்து கிலோவாட்டும் அக்காவும்

ஒரு கிலோவாட்டில் முனகிக்கொண்டிருந்த வானொலி நிலையத்துக்கு ஐந்து கிலோவாட் அனுமதி கிடைத்தால் ஆட்டம் போடாமல் என்ன செய்வார்கள்? காலையிலிருந்தே ஒரே அமளி. மேனேஜர் கேக் வாங்கி வந்து, மற்றவர்கள் கூடுவதற்குள் பாதியைத் தானே தின்று தீர்த்தார்.

எல்லோரையும்விட அதிகம் குதித்தவள் மாலை நிகழ்ச்சி அறிவிப்பாளர்தான். அவளுக்கு ஒரு அக்கா. கல்யாணமாகி மலைக்கு அந்தப்பக்கம் போனவள். அங்கே இந்த நிலையத்தைத் திருகினால் வெறும் இரைச்சல்தான் வரும். "என் தங்கச்சி ரேடியோவுல பேசுறா" என்று அக்கா சொல்லும்போதெல்லாம் அந்தத் தெரு நமட்டுச் சிரிப்புச் சிரிக்கும். தங்கையின் குரலை ஒருநாளாவது ரேடியோவில் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படியொரு ஏக்கம். ஐந்து கிலோவாட் மலையைத் தாண்டும் என்றதும், இன்று ரேடியோப் பெட்டியை ஜன்னலில் வைத்து, தெருவையே அழைத்திருந்தாள்.

மதியம் போய்க் கொஞ்ச நேரத்தில், டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துக்கொள்ளும் டவர் அண்ணன் கையைத் துடைத்தபடி வந்தார்.

"பொழுது சாயுறவரைக்கும்தான் இந்தக் கூத்தெல்லாம். அப்புறம் பழைய பவருக்கு இறக்கிடணும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்ணே?"

"ராத்திரியில அலை வானத்துல பட்டுத் திரும்பி ரொம்ப தூரம் போகும்மா. வேற ஊர் ஸ்டேஷன் மேல போய் ஏறிடும். அந்த நிபந்தனையோடதானே அனுமதியே குடுத்திருக்காங்க. உனக்குத் தெரியாதா?"

"யாராவது சொன்னாத்தானே தெரியும்! என் நிகழ்ச்சியே பொழுது சாஞ்சப்புறம்தானே!"

மேனேஜர் கேக்கை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தார். ஐந்து என்றதும் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. கடிகாரத்தை யார் பார்த்தார்கள்?

வெளிச்சம் இருக்கும்போதே போகும் நிகழ்ச்சிகளில் மிச்சமிருந்தது சந்தை விலை ஒன்றுதான். அதை வாசிக்கும் பெரியவர் காய்ச்சலில்கூட நாற்காலியை விட்டுக்கொடுக்காத மனிதர். அவள் அவர் முன்னால் போய் நின்று, அக்காவைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பெரியவர் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விலைத்தாளை நீட்டினார்.

"தப்பா வாசிச்சேன்னா வியாபாரிங்க என்னைத்தான் உதைப்பாங்க. போ, போ."

இப்போதே ரேடியோவைத் திருகச் சொல்லி மேனேஜர் அக்காவுக்குத் தொலைபேசியில் சேதி சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது. உருளைக்கிழங்கைத் தாண்டினாள். வெங்காயத்தையும் ஒருவழியாகத் தாண்டினாள். தக்காளிக்கு வந்தபோது, இந்த நொடியில் அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு நெஞ்சை முட்ட, குரல் உடைந்துவிட்டது. எப்படியோ சமாளித்து முடித்துவிட்டு வெளியே ஓடிவந்தாள். மேனேஜர் தொலைபேசியை நீட்டியபடி நின்றார்.

"கேட்டுச்சாக்கா?"

"கணீர்னு கேட்டுச்சுடி! பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரியே இருந்துச்சு." அக்கா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "ஆனா தக்காளி விலையைச் சொல்லும்போது எதுக்குடி அழுதே? விலை இன்னும் எங்கேயோ எகிறப்போகுதுன்னு பயந்து, பாதித் தெரு பையைத் தூக்கிட்டுக் கடைக்கு ஓடிடுச்சு!"