வீடு வந்து சேராத புள்ளி

ஆப் ஸ்டோரில் போடும் வீடியோ முப்பது வினாடியைத் தாண்டக்கூடாது. அவளிடம் இருந்ததோ அதைவிடக் கொஞ்சம் நீளம். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு, எதை வெட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். கல்யாண வீடியோக்களில் அழுகிற அத்தைகளையும் கொட்டாவி விடுகிற மாமாக்களையும் ஈவு இரக்கமில்லாமல் வெட்டித் தள்ளிப் பழகிய கைதான். இன்றைக்கு ஏனோ ஓடவில்லை.

ஆப் அவள் கணவனுடையது. ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தையெல்லாம் கொட்டி அவன் கட்டியது. வீட்டில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டும். எல்லாரும் வந்து சேர்ந்ததும் வீட்டுப் படத்தில் விளக்கு எரியும். முதலில் அவள் தன் சிநேகிதிகளை நடிக்க வைத்து அழகாக ஒரு வீடியோ எடுத்துக் கொடுத்தாள். ஆப்புக்குள் நடப்பதை மட்டும்தான் காட்ட வேண்டும் என்று ஸ்டோர்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் திரையை அப்படியே பதிவு செய்ய வேண்டியதாயிற்று. அவன் ஒரு நீலப் புள்ளி, அவள் ஒரு பச்சைப் புள்ளி. குடும்பம் என்றால் இரண்டு பேர் போதாதே என்று, போன் எதுவும் இல்லாமலே அவன் மஞ்சளில் ஒரு புள்ளியை உண்டாக்கினான். அடுத்த தெருப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினான். சாயங்காலம் அது தானாக நடந்து வீட்டுக்கு வரும்படி எழுதினான். பெயர் கேட்ட கட்டத்தில், யோசிக்காமல், 'பாப்பா' என்று அடித்தான்.

அவள் அதைப் பார்த்தாள். வயிற்றில் இருந்தது தங்காமல் போன பிறகு, அந்தச் சொல் அந்த வீட்டில் புழங்குவதில்லை. அவனும் எடுத்ததில்லை, அவளும் எடுத்ததில்லை. அவனுக்கு அது ஆறிப்போய்விட்டது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில், மஞ்சள் நடந்து வீட்டுக்கு வரும் வாலை வெட்டினாள். நீலமும் பச்சையும் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. மஞ்சள் இன்னும் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது. அங்கேயே வீடியோ முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடும். பெற்றவர்களுக்குப் பதைப்பு வரும், பதைப்பு வந்தால் இறக்கிக்கொள்வார்கள் என்பது அவள் கணக்கு. கணக்கு தப்பவில்லை. ஆப்பை இறக்கியவர்கள் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அவன் ஆபீசிலிருந்து போன் செய்து, உன் கத்தரிக்கோலுக்குக் கோயில் கட்டணும் என்றான்.

மாமியாரும் பார்த்துவிட்டு அழைத்தாள்.

"நீ வந்துட்ட, அவன் வந்துட்டான். குழந்தைய அழைச்சிட்டு வர ஒரு ஆள் இல்லையாடி அந்த வீட்ல?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அப்புறம் துணி காயப்போட வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

விமர்சனங்களிலும் அதையேதான் கேட்டார்கள். யார் போய்க் கூப்பிடுவது, இவ்வளவு நேரமா ஒரு குழந்தை நிற்கும் என்று. அவள் ரசித்துப் படித்தாள். ஒருத்தி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். 'தினமும் பார்க்கிறேன். போன வாரம் வாசலில் நின்றது. இப்போது மரத்தடிக்குப் போய்விட்டது. வெயில் போலிருக்கிறது.'

அவள் ஸ்டோரைத் திறந்து வீடியோவை ஓடவிட்டாள். நீலம் வந்தது. பச்சை வந்தது. மஞ்சள் மரத்தடியில் நின்றது.

லேப்டாப்பில் தான் வெட்டி வைத்திருந்த வீடியோவைப் பார்த்தாள். அதில் வாசலில்தான் நின்றது. தன் போனில் ஆப்பைத் திறந்தாள். மரத்தடி.

கணவன் வந்ததும் காட்டினாள். நெட்வொர்க் கோளாறு என்றான், வரைபடம் நகர்ந்திருக்கும் என்றான். பிறகு சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்து உள்ளே போய்த் துருவினான். மஞ்சள் புள்ளி நடப்பதற்காக எழுதியதையெல்லாம் பதிவு முடிந்த அன்றே அவன் அழித்துவிட்டிருந்தான். அதை நகர்த்த யாராலும் முடியாது. வீடியோவையோ ஒருமுறை ஏற்றிய பிறகு யாரும் தொடவே இல்லை. அவன் முகத்திலிருந்த கேலி மெல்ல இறங்கியது.

"வீடியோவ எடுத்துடலாம். இதையும் அழிச்சிடறேன்" என்றான். அம்புக்குறி 'பாப்பா'வின் பக்கத்தில் போய் நின்றது. நிச்சயமாகவா என்று திரை கேட்டது.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கே அது எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் காகிதத்தை நீட்டியபோது கையெழுத்துப் போட்ட அவன் விரல்களும் இவைதான். அன்றைக்கு யாரும் அவளை நிச்சயமாகவா என்று கேட்கவில்லை.

"என்னங்க, வேண்டாம். ஒரு தரம் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

"எங்க போய்? அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லன்னா திரும்பி வந்துடலாம்."

அவன் அவளை வெறித்துப் பார்த்தான். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

பள்ளிக்கூடம் விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. வெளிச்சம் மஞ்சளாகிச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. காவலாளி ஒரு கதவைச் சாத்திவிட்டு மறு கதவை இழுத்துக்கொண்டிருந்தார். மரத்தடியில் சருகும், யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டிலும் கிடந்தன. வேறு எதுவும் இல்லை. போனைப் பார்த்தாள். நீலம், பச்சை, மஞ்சள் மூன்றும் ஒரே இடத்தில் ஒட்டி நின்றன.

காவலாளி அவர்களைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். கொஞ்சம் கோபமாகவே பேசினார்.

"இவ்ளோ நேரம் கழிச்சா வர்றது? உங்க பிள்ளை எந்த கிளாஸ்?"

அவள் வாயைத் திறந்தாள். இல்லை, சும்மா வந்தோம் என்று சொல்லத்தான் நினைத்தாள்.

"ஒண்ணாம் கிளாஸ்" என்றான் கணவன்.

தயங்காமல் சொன்னான். கூட்டிக் கழித்துப் பார்த்துச் சொன்னதுபோல இல்லை; வருஷா வருஷம் கூடவே எண்ணிக்கொண்டு வந்தவன் சொல்வதுபோல இருந்தது. இருந்திருந்தால் இந்த வருஷம் ஒண்ணாம் வகுப்புதான். தான் ஒருத்திதான் எண்ணுகிறோம் என்றல்லவா இத்தனை நாள் இருந்தாள்? அவனைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அவனும் சருகுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அப்போதே போய்விட்டார்கள், வீட்டில் போய்ப் பாருங்கள் என்றார் காவலாளி. சரி என்று இருவரும் தலையாட்டினார்கள்.

அவன் ஸ்கூட்டரைக் கிளப்பினான். அவள் ஏறி உட்கார்ந்தாள். எப்போதும் போல ஒட்டி உட்காராமல், எதற்கென்று சொல்லாமல், நடுவில் ஒரு சாண் விட்டுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். கையில் போன் வெளிச்சமாக இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

அவன் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தான். பிறகு ஒன்றும் கேட்காமல், தானும் கொஞ்சம் முன்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டு, வண்டியை மெல்ல எடுத்தான்.