கழற்றி வைத்த சுவிட்ச்

பால்கனியிலிருந்து வந்த அலறலைக் கேட்டு, மருமகள் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். நடை பழகி முடித்து ஓடத் தொடங்கியிருந்த மகள் சிட்டு தரையில் மல்லாந்து கிடந்தாள். இரும்புக் கம்பித் தடுப்பில் பொருத்தியிருந்த ஏ.சி.யின் வெளிப்பெட்டி கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

வீறிட்டு அழுத குழந்தையை வாரி எடுக்கும்போது அவள் முழங்கை கம்பியில் பட்டது. தோள்வரை இழுத்து உதறியது. அதற்கு மேல் யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நேராக வாசற்கதவுப் பக்கம் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். ஏ.சி., விசிறி, டி.வி. எல்லாம் அடங்கின.

"யாரு மெயினை அணைச்சது?" மாமனார் கூடத்திலிருந்து எழுந்து வந்தார்.

"நான்தான் மாமா. கம்பியில ஷாக் அடிக்குது. சிட்டுவைத் தூக்கி வீசியிருக்கு."

"ஈரக் கையோட தொட்டிருப்பா. லேசா சுர்ருங்கும், அவ்வளவுதான்."

அவள் குழந்தையை இடுப்பில் இடுக்கியபடி, மெயினுக்குக் கீழிருந்த சுவிட்ச் பெட்டியைத் திறந்தாள். ட்ரிப் சுவிட்ச் இருந்த இடம் ஓட்டைப் பல்லாக இளித்தது; உள்ளே ஒயர்களை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ஏ.சி. போட்டாலே அந்த சுவிட்ச் தானாக விழுந்து கரண்டை நிறுத்திக்கொண்டிருந்தது. மிக்ஸி முதல் இஸ்திரிப்பெட்டி வரை வீட்டுக்கே வைத்தியரான மாமனார், போன வாரம் அதைக் கழற்றிவிட்டு ஒயர்களை நேராக இணைத்திருந்தார். டார்ச் பிடித்தவன் அவள் கணவன்.

"இங்க இருந்த சுவிட்ச் எங்க மாமா?"

"அது கெட்டுப்போச்சும்மா. சும்மா சும்மா விழுந்துச்சே."

"கெட்டுப்போகல. கரண்டு ஒழுகுது, பாருங்கன்னுதான் விழுந்துச்சு. இந்த வீட்ல எது சத்தம் போட்டாலும் அதைத்தான் ஓரங்கட்டுவீங்க. கம்பி சுர்ருங்குதுன்னு நேத்து நான் சொன்னப்ப என்ன பண்ணீங்க? அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து சிரிச்சீங்க."

"மெதுவா பேசேன். அப்பா மனசு கஷ்டப்படும்" என்றபடி கணவன் அறையிலிருந்து வந்தான்.

"உங்க பொண்ணு விரலைப் பாருங்க. அப்புறம் யாரு மனசுன்னு பேசலாம்."

சின்ன விரல் நுனி வெளுத்து, நடுவில் ஒரு புள்ளி கருகியிருந்தது. அவன் குனிந்து அதைப் பார்த்தான்.

"இந்த வெக்கையில குழந்தை வேர்த்துக் கொட்டும். நகரும்மா" என்று மாமனார் மெயினைப் போடக் கையை நீட்டினார்.

அவள் பெட்டியை முதுகால் அடைத்துக்கொண்டாள். "உயிரோட இருந்து வேர்க்கட்டும் மாமா."

கணவன் அப்பாவின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். "விடுங்கப்பா. ஒயர்மேன் வந்து பார்க்கட்டும்." பிறகு அவளிடம், "நான்தானே டார்ச் பிடிச்சேன். என்னையும் திட்டு" என்றான்.

"திட்டிட்டுதான் இருக்கேன். காதுல விழலையா?"

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று அவன் குழந்தைக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"வண்டியை எடுங்க."

அவன் கீழே ஓடினான். அவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"நாங்க வர்ற வரைக்கும் யார் கையும் இந்தப் பெட்டியில படக்கூடாது மாமா."

பனியன் நனைய அவர் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். கீழே ஹாரன் அடித்தது. அவர் தலையாட்டும்வரை அவள் படியிறங்கவில்லை.