மாதம் இருபது குறைவு

என் படிப்பின் முழுப் பெயரைச் சொன்னால் கேட்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். விஷயம் இவ்வளவுதான்: பல் டாக்டர் வேலை பார்க்கும்போது பக்கத்தில் நின்று, நோயாளியின் எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிக்க வேண்டும். கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, கேட்கும்போது கையில் வைக்க வேண்டும். இதற்காகச் சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம், பதினெட்டாயிரம் டாலர் கடன். ஜாமீன் அம்மா. அலுவலகங்களில் தரை துடைக்கிற அம்மா அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் பேனா எழுதுகிறதா என்று மட்டும்தான் சரிபார்த்தாள்.

கடைசியாக, ஒரு கிளினிக்கில் முந்நூறு மணி நேரம் சம்பளமில்லாத பயிற்சி. அந்த வியாழக்கிழமை மாலையோடு முந்நூறு முடியும். வெள்ளி நான்கு மணிக்குள் டாக்டர் கையெழுத்திட்ட மணிக்கணக்கு நோட்டு கல்லூரிக்குப் போகாவிட்டால் இன்னொரு பருவம் படிக்க வேண்டும். அதற்கு இன்னொரு நான்காயிரத்து ஐந்நூறு கடன்.

காலையில் கருவி கழுவும் அறையில் நானும் அக்காவும் மட்டும். கூடப் பிறந்த அக்கா அல்ல. அங்கே பதினோரு வருடமாக உதவியாளர். என்னைப் பட்டதாரி என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, தப்பா நெனைக்கலன்னா ஒண்ணு கேக்கவா? உங்களுக்கு மணிக்கு எவ்வளவு?"

"பத்தொம்போது."

"நீங்க எங்க படிச்சீங்க?"

"இங்கதான். இந்தத் தொட்டிகிட்ட நின்னு."

"டிகிரி இருந்தா?"

"போன தடவ வந்த பொண்ணுக்கு இருபத்தொண்ணு குடுத்தாங்க. மணிக்கு ரெண்டு அதிகம். குடுத்து வெச்சவன்டா நீ!"

கழுவிய கருவிகளை உறைகளில் போட்டு ஒட்டி, பன்னிரண்டு உறைகளையும் நீராவி இயந்திரத்தில் அடுக்கியபடியே கணக்குப் போட்டேன். மாதம் நூற்றறுபது மணி நேரம். அக்காவைவிட முந்நூற்றிருபது அதிகம். கடன் தவணை மாதம் முந்நூற்று நாற்பது, ஐந்து வருடத்துக்கு. கதவை மூடினேன். பொத்தானை அமுக்கினேன். இன்னொரு முறை கழித்துப் பார்த்தேன். விடை மாறவில்லை.

"அக்கா, அஞ்சு வருஷம் நான் உங்களவிட மாசம் இருபது கம்மியா வாங்குவேன்."

அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு விரல்விட்டு எண்ணினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "ஐயோ பாவம். படிக்காம இருக்கறதுல இவ்வளவு லாபமா? சரி விடு, கடன் முடிஞ்சா என்னை முந்திடுவ."

"அதுக்குள்ள உங்களுக்குச் சம்பளம் ஏறிடுமே."

"உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்றார். பல் கிளினிக்கில் சொல்லக்கூடாத வாழ்த்து.

இயந்திரம் கூவி ஓய்ந்தது. உறைகளை வெளியே எடுத்தேன். இதமான சூடு. இழுப்பறையில் அடுக்கினேன்.

பதினொரு மணிக்குப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் கடைவாய்ப் பல் பிடுங்க வந்தார். நாற்காலி அவருக்குச் சிறியது. டாக்டர் புதிய ஊசியால் மரக்கச் செய்தார். வாயைப் பார்த்த கண்ணாடி நேற்றைய உறையிலிருந்து வந்தது. இப்போது பிடுங்கும் குறடு. இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் கிழித்துத் தட்டில் வைத்தேன்.

டாக்டர் நோயாளியின் வாயிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டுவார். அதில் வைக்கப்படுவது சரியான கருவி, சுத்தமான கருவி என்பது அந்தக் கையின் நம்பிக்கை. கை நீண்டது.

"குறடு."

கிழித்த உறை மேசையில் மல்லாந்து கிடந்தது. அதன் மூலையில் ஒரு சிறிய அம்பு அச்சிட்டிருக்கும். நீராவி பட்டால் பழுப்பாகும். இது இளஞ்சிவப்பாக இருந்தது.

இயந்திரத்தில் இரண்டு பொத்தான்கள். ஒன்று நீராவிக்கு. இன்னொன்று ஈரத்தை உலர்த்த மட்டும். நான் கழித்தல் கணக்கில் இருந்தபோது என் விரல் எதன்மேல் இருந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது.

"குறடுப்பா."

சொன்னால் நோட்டு போச்சு. இன்னொரு பருவம், தவணையில் மாதம் எண்பத்தைந்து கூடும், என்னால் முடியாவிட்டால் அம்மா சம்பளத்தில் பிடிப்பார்கள். சொல்லாவிட்டால் உறை குப்பைக்குப் போகும், ஒருவருக்கும் தெரியாது. கழுவிய குறடுதானே. ஆனால் நேற்று அது யாருடைய வாயில் இருந்தது, எவ்வளவு ரத்தத்தோடு வெளியே வந்தது என்று எனக்குத் தெரியும். கழுவியவன் நான்.

"வேணாம் டாக்டர்."

முந்நூறு மணி நேரத்தில் முதல்முறையாக டாக்டர் என் முகத்தைப் பார்த்தார்.

"இது சுத்தமில்ல. அம்பு மாறல. நான் பொத்தான மாத்தி அமுக்கிட்டேன்."

ஓட்டுநர் மரத்த வாயால், "என்னவாங்?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க, வேற குறடு வருது" என்று டாக்டர் அவர் தோளைத் தட்டினார். என் பக்கம் திரும்பாமல், "காலைல மெஷின்ல வெச்சதுல எத்தன பேர் வாயில போச்சு?" என்றார்.

இழுப்பறைக்கு ஓடினேன். இளஞ்சிவப்பு அம்புகளை எண்ணினேன். ஒன்பதில் தடுமாறி மறுபடி ஒன்றிலிருந்து. பதினொன்று. தட்டில் ஒன்று. பன்னிரண்டு.

"யாருக்கும் போகல டாக்டர்."

அக்கா வாசலில் நின்றிருந்தார். நேற்றைய உறை ஒன்றைப் பிரித்து நீட்டினார். அதன் அம்பு பழுப்பு. பல் வந்தது. உறிஞ்சுகுழாய் என் கையில் ஆடிக்கொண்டே இருந்ததால் ஓட்டுநரின் காதும் சற்றுச் சுத்தமாயிற்று.

மாலையில் டாக்டர் நோட்டைத் தள்ளினார். "நடந்தத நீயே எழுது."

எழுதினேன். படித்தார். இன்றைய எட்டு மணி நேரத்தை அடித்து நான்கு என்று போட்டார்.

"காலைல நாலு மணி நேரம் நீ எனக்கு வேலை பாக்கல. உன் சம்பளக் கணக்கு பாத்துட்டிருந்த. அக்கா சொன்னாங்க."

இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

"டாக்டர், நாளைக்கு நாலு மணிக்குள்ள..."

"எட்டு மணிக்கு வா. பன்னெண்டு வரைக்கும் அந்த மெஷின் முன்னாடி நில்லு. அப்புறம் கையெழுத்து."

வெள்ளி காலை நின்றேன். இயந்திரம் ஓடும்போதெல்லாம் நானும் வியர்த்தேன். அக்கா பக்கத்தில் வந்து, "தப்பிச்ச. மாசம் நூத்தஞ்சு கம்மியாகியிருக்கும். இப்ப வெறும் இருபதுதான்" என்றார். எனக்குத் தெரிந்த மிக நேர்மையான ஆறுதல்.

பன்னிரண்டுக்குக் கையெழுத்துக் கிடைத்தது. அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டாள்.

"முடிஞ்சுதாடா?"

"முடிஞ்சுதும்மா."

"சம்பளம் எவ்வளவு வருமாம்?"

"மணிக்கு இருபத்தொண்ணு."

"அம்மாடி!" என்றாள். அந்தப் பக்கம் வாளி கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "அப்ப இனிமே பயமில்ல."

"இல்லம்மா" என்றேன். கையில் இருந்த உறையைத் திருப்பி அம்பைப் பார்த்தேன். பழுப்புதான். இன்னொரு முறை பார்த்தேன்.