திருப்பித் தர வேண்டிய விக்கல்

"குறையே இல்லாம பிராஜெக்ட்டை எங்கடி போய்ப் பண்றது?" கைகழுவும் இடத்தில் யாரோ யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டோரில் குறைகள் தீர்ந்துகொண்டிருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பம்ப் கம்பெனியில் குறைகளை ஸ்டோரில் வைத்திருக்கிறார்கள். தர மேம்பாட்டுச் சான்றிதழுக்குப் படிப்பவர்கள் ஆளுக்கொன்று வாங்கிப் போய், சரிசெய்து, குழுவிடம் காட்டிவிட்டு, பழையபடி கெடுத்துத் திருப்பித் தர வேண்டும். அடுத்தவருக்கு வேண்டுமே. தந்த பிறகுதான் சான்றிதழ் கைக்கு வரும். பரீட்சை மட்டும் போதாதா என்று ஒருமுறை யாரோ கேட்டதற்கு, "பரோட்டா போடத் தெரியும்னு எழுதிக் காட்டினா, இலையில வந்து விழுமா?" என்றார் குழுத்தலைவர் மோகனரங்கன். அவர் காலத்தில் பரீட்சை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் வராவிட்டால் என் வேலை போய்விடும்.

ஸ்டோர் அலமாரி காலியாக இருந்தது. "கடைசிக் கசிவையும் காலையில கொண்டு போயிட்டாங்க அம்மிணி," என்றார் ஸ்டோர்கீப்பர் நாச்சிமுத்து. சொல்லும்போதே விக்கினார். மகள் கல்யாணமாகி சார்ஜா போனதிலிருந்து அவருக்கு அந்த விக்கல் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக் கெடுவைச் சொன்னேன். பிறகு விக்கலை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

"இது என்ற சொந்தமுங். பத்திரமாத் திருப்பிக் குடுத்துருங்."

பஸ்ஸில் அது என் கைப்பைக்குள் துள்ளிக்கொண்டே வந்தது.

தண்ணீர், சர்க்கரை எல்லாம் மேலோட்டமான தீர்வு, மூலகாரணத்துக்குப் போ என்றது குழு. நாச்சிமுத்துவின் மகள் சுகந்திக்குப் போன் செய்து, கொஞ்ச நாள் அப்பாவை நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "உங்க வேலைக்குன்னா சரிங்க்கா," என்றாள். விக்கல் நின்றது. குழு கைதட்டியது.

வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டு, இனி நினைக்கலாம் என்றேன்.

"யாரைங்க்கா?"

பெயரைச் சொன்னேன். இனிஷியல் கேட்டாள்.

மறுநாள் நாச்சிமுத்து விக்கலைத் தொண்டையில் போட்டுப் பார்த்தார். அசையவில்லை.

"ஓடலீங்களே அம்மிணி. இப்படியே வாங்க முடியாதுங்." காகிதத்தை நீவிக்கொண்டிருந்தார். "புள்ள நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்காங்க."

கவுன்டருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் அவரை நினைக்க ஆரம்பித்தேன். மதியச் சங்கு ஊதியது. சாயங்காலச் சங்குக்குச் சற்று முன் அவர் ஒருமுறை விக்கினார். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தினார்.