இரண்டாம் வரைவு

வெல்கோ வந்தபோது ஒரு கையில் அவித்த கோதுமைக் கிண்ணமும் இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாளும் இருந்தன. கிண்ணத்தைத்தான் முதலில் நீட்டினார். முந்தின நாள் அவர் மனைவி ஷிவ்கா இறந்து நாற்பதாம் நாள். கோதுமைமேல் தூவிய சர்க்கரை ஈரத்தில் கட்டி தட்டியிருந்தது. "அவ ஆத்மாவுக்காக ஒரு வாய் சாப்பிடுங்க டீச்சர்" என்றார். வாயில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஊரில் வேலை என்றால் ஜாடித் தொழிற்சாலைதான். குடைமிளகாய், கத்தரிக்காய், தக்காளி எல்லாம் ஜாடிக்குள் அடைந்து வெளிநாட்டுக்குப் போகும். போன வசந்தத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் செய்முறையை எழுதி ஒட்ட வேண்டும், அதுவும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தொழில்நுட்பப் பள்ளியில் அறிக்கையும் அலுவலகக் கடிதமும் எழுதச் சொல்லித்தரும் என்னை நிர்வாகம் கூப்பிட்டது. பதினொரு மேற்பார்வையாளர்கள், எட்டு சனிக்கிழமைகள். யார் வாசிக்கப்போகிறார்கள் என்று முதலில் யோசியுங்கள். தெரிந்ததையெல்லாம் நிறுத்தாமல் எழுதுங்கள். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள், நாக்கு தடுக்குகிற இடத்தில் தப்பு இருக்கும். அப்புறம் வெட்டுங்கள். எந்த வரைவையும் தூக்கிப் போடாமல் தேதி போட்டு என்னிடம் கொடுங்கள். இருபது வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெல்கோவின் பொறுப்பு ஆட்டோகிளேவ். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்தான் நிரப்பிய ஜாடிகளை அவிப்பார்கள். அவர் முதல் சனிக்கிழமை ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். எந்தக் குளிர்காலத்தில் எந்தத் திருகாணி கழன்றது, யார் கை சுட்டது, எல்லாம் அதில் இருந்தது. அன்று அவரைக் கூட்டிப்போக வந்த ஷிவ்கா வகுப்பு வாசலிலேயே நின்று, "இருபத்தாறு வருஷத்துல எனக்கு நாலு வரி எழுதினதில்ல இந்த மனுஷன். அந்தக் குக்கருக்கு ஆறு பக்கமா?" என்று கேட்டாள். பதினொரு பேரும் சிரித்தார்கள். வெல்கோவுக்குக் காது மடல் சிவந்தது. அடுத்த வாரம் ஆறு பக்கம் மூன்றாகி, மூன்று ஒன்றாயிற்று. நான் உட்கார்ந்து வெட்டினேன். வெட்ட வெட்ட அவர் எழுத்து துலங்கியது. பெருமையாக இருந்தது எனக்கு.

கடைசிச் சனிக்கிழமை சோதனை. அந்த வேலையை ஒருநாளும் செய்யாத ஒருவர், தாளை மட்டும் பார்த்து அதைச் செய்து முடிக்க வேண்டும். லேபிள் ஒட்டும் பிரிவிலிருந்த ஷிவ்காவைத்தான் வெல்கோ கூப்பிட்டார். அவள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக உரக்க வாசித்து, ஒரு பிசகும் இல்லாமல் மூடியைத் திறந்துவிட்டாள். உள்ளே ஆவி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அளவுமானியின் முள் அன்று ஒழுங்காக வேலை செய்தது. பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் அடுத்த மாதமே அவளை ஆட்டோகிளேவுக்கு மாற்றினார். சம்பளம் கொஞ்சம் கூடும் என்று அவளுக்கும் சந்தோஷம்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, முள் பூஜ்யத்தில் நின்றது. உள்ளே ஆவி இருந்தது. ஷிவ்கா தாளில் இருந்தபடியே மூடியைத் திறக்க, ஆவி அவள்மேல் பீறிட்டது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இறந்துபோனாள். அளவுமானியைப் போன மாதம்தான் பரிசோதித்தோம் என்று தொழிற்சாலை காகிதம் காட்டியது. செய்முறைத் தாளில்தான் குறை, அதன் அடியில் வெல்கோவின் கையெழுத்து என்றது.

விபத்து நடந்த அன்றே வகுப்பின் நீலக் கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டேன். தாளில் இல்லாத வரி இரண்டாம் வரைவில், ஆறாவது படிக்குக் கீழே இருந்தது. அதை என் கணவர் ஆசெனிடம் மட்டும் காட்டினேன். யாரும் கேட்காத கோப்பு, கொடுத்தால் என் வேலை போகலாம், வழக்கும் வரலாம் என்று தன் கவலையைச் சொன்னார். மறுநாள் நான் தேடியபோது கோப்பு சமையலறையில், விறகுப் பெட்டியின் மேல் இருந்தது. "அடுப்புக்குப் பக்கத்துல வச்சிருக்கேன் நெவெனா. உள்ள போடறதும் வெளிய எடுக்கறதும் உன் இஷ்டம். எதுன்னாலும் நான் கூட இருக்கேன்" என்றார். ஐம்பது நாளாக அது அங்கேயே இருந்தது. தினமும் அதைத் தூக்கி வைத்துவிட்டு விறகு எடுத்தேன்.

வெல்கோ சமையலறை மேசையில் உறையைப் பிரித்தார். திங்கட்கிழமை விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டிய வாக்குமூலம். நாலாவது வரைவு என்று தலைப்பில் தேதியோடு எழுதியிருந்தார். ஷிவ்காவின் மரண அறிவிப்பைக்கூட மூன்று முறை திருத்தித்தான் அச்சுக்குக் கொடுத்ததாகச் சொன்னார். அது இன்னும் பள்ளி வாசலில் ஒட்டியிருக்கிறது, படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இந்த வாக்குமூலத்தை மகள் மில்கா படித்து, மேசையில் வைத்துவிட்டுப் போனாளாம். அடக்கத்திலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. அம்மாவைக் கொன்றது உன் தாள் என்று ஒரே ஒரு தடவை சொன்னதோடு சரி.

"நீங்க ஒரு பார்வை பாத்துக் குடுங்க டீச்சர்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து என் பக்கம் உருட்டினார். எனக்கென்று வாங்கி, சீவிக்கொண்டு வந்திருந்தார்.

முதல் வரியே இதுதான்: 'முள் பூஜ்யத்துக்கு வந்தாலும் சின்னக் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எழுத மறந்தது நான்.' ஒரு சொல் கூடுதல் இல்லை. யார் செய்தார், என்ன செய்தார் எல்லாம் தெளிவு. அவர் எழுதியதிலேயே சிறந்த வாக்கியம்.

பென்சிலைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

"மறந்தீங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தாள்ல இல்லையே டீச்சர்." நிதானமாகத்தான் சொன்னார். "சொன்னேனா, எழுதினேனா, ஒண்ணும் ஞாபகமில்ல. எவ்வளவோ வரி வெட்டினோம். ஆனா இது அப்படி வெட்டற வரியா? எழுதியிருந்தா இருந்திருக்கும்."

முற்றத்தில் ஆசென் விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் எழுந்து போய்க் கோப்பை எடுத்து வந்தேன். நாடாவை அவிழ்த்தேன். இரண்டாம் வரைவை உருவி அவர் வாக்குமூலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"வாய்விட்டு வாசிங்க வெல்கோ."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஷிவ்காவின் கண்ணாடி, ஒரு காம்பை நூலால் கட்டியிருந்தது. நேராக நடுவுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். இல்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே முதல் படியிலிருந்து, விரலை வரிக்கடியில் நகர்த்தி வாசித்தார். ஜாடிக் கூடையை இறக்கு. மூடியின் திருகாணிகளை எதிரெதிராக முடுக்கு. ஆவியைத் திற. ஐந்தாவதில் ஆவியை மூடு. ஆறாவதில் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திரு.

முற்றத்தில் கோடாலிச் சத்தம் நின்றது.

அதற்கடுத்த வரிகளின்மேல் சிவப்புக் கோடு ஓடியது. கோட்டுக்கு அடியில் அவர் எழுத்து நன்றாகவே தெரிந்தது. "பூஜ்யத்துக்கு வந்தாலும் முள்ளை நம்பாதே" என்று வாசித்தார். "பக்கத்துச் சின்னக் குழாயைத் திறந்து, ஆவி வரவில்லை என்று கண்ணால் பார். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் முள் சிக்கிக்கொண்டு ஸ்பாஸ் அண்ணனுக்குப் புருவம் பொசுங்கியது."

நாக்கு எங்கும் தடுக்கவில்லை. விரல் மட்டும் வரியைத் தாண்டி ஓரத்துக்கு நகர்ந்தது. 'ஆறிலேயே இருக்கிறது. கதை வேண்டாம்' என்று அங்கே சிவப்பில், என் கையெழுத்தில் இருந்ததன்மேல் போய் நின்றது.